பூட்டுப் பொத்தான்

ஐப்பசி மழையில் ஊதிப்போன அடுக்களைக் கதவை
நாளைக்கு நாளைக்கு என்று
பதினாறு நாள் தள்ளினார் ஆசாரி சோபனன்.
பதினேழாம் நாள்
திங்கள்சந்தைக்கு பஸ் ஏறி
முந்நூறு ரூபாய் நாள்வாடகைக்கு
ஒரு சாண்டர் எடுத்துவந்தேன்,
நெய்யூர் வரைக்கும் மடியில் வைத்து,
துண்டில் சுற்றி,
பிள்ளை பெற்று வருகிறவள் மாதிரி.

கடைக்காரர் எட்வின்ராஜ் சொன்னது கொஞ்சம்தான்.
"அமுக்காதீங்க, அதுக்க பாரமே போதும்.
தாள் மாத்தணும்னா பிளக்கப் புடுங்கிட்டு மாத்துங்க.
பிறகு, இந்தப் பொத்தான் இருக்குல்லா..."
அதற்குள் கான்கிரீட் மிஷினுக்கு
சண்டை பிடிக்க யாரோ வந்துவிட்டார்.

கீல் கழற்றி, கதவை
கொல்லாமரத்தடியில் இரண்டு ஸ்டூலில் கிடத்தி
கயிறு போட்டுக் கட்டினேன்.
ஈரத்தரை, அதனால் ரப்பர் செருப்பு.
எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு
கவிழ்த்த வாளி ஆசனம்.
நைட்டிக்குப் பதில் மகனுடைய இறுக்கமான டீசர்ட்,
செயினைக் கழற்றி அரிசிப் பானைக்குள்,
கொரோனாவில் மிச்சமான கட்டி மாஸ்க்,
மகள் பாலிடெக்னிக்கில் போட்ட கண்ணாடி,
காதில் பஞ்சு.

மதிலுக்கு மேலே கனகபாய் தலை முளைத்தது.
"எக்கா, சந்திரனுக்கா போறீய?"
கொடியில் கிடக்கும் பிள்ளைத்துணியை
எடுத்து உள்ளே போடு என்றேன்,
பழைய பெயின்டில் காரீயம் இருக்கும் என்றேன்.
நான் சொன்னது அவளுக்குக் கேட்டது.
எனக்குக் கேட்கவில்லை.

ஓடத் தொடங்கியதும்
முழங்கை வரைக்கும் தேனீக்கள் குடிவந்தன.
முதலில் நீலம் போயிற்று.
அடியில் பச்சை, அதற்கடியில்
யாரோ அடித்த காவி,
எல்லாவற்றுக்கும் அடியில் பலாவின் மஞ்சள்.
இன்னும் கீழே என்ன இருக்கும் என்று ஆசை.
ஆசைதான் அந்த ஓரத்தைத் தின்றது.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி
விரல்களை உதறினேன்.
தூசிப் பையைக் கொட்டினேன்.
மாஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன்:
வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளை.
நடுவில் நிற்பது
என் நெஞ்சுக்குப் போகவேண்டியிருந்தது.

மூன்றாம் முறை நானாக நிறுத்தவில்லை.
கறண்டு போயிற்று.

என்ன ஒரு அமைதி.
பஞ்சை எடுத்ததும் ஒரு காக்கை,
தூரத்தில் இரணியல் பக்கம் ரயில்.
சாண்டரைக் கதவின்மேல் அப்படியே வைத்தேன்.
ஈரச் செருப்பை முற்றத்தில் கழற்றிவிட்டு
தேயிலை போட உள்ளே போனேன்.
பொத்தான் உள்ளுக்குப் பூட்டிக் கிடந்தது.
நான் அதை மறந்தேன் என்று சொல்ல முடியாது.
அறிந்தே இருக்கவில்லை.

பால் பொங்கும் நேரம் கறண்டு வந்தது.
ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவியில் பாதிப் பிரசங்கம்,
எல்லாம் ஒன்றாய் உயிர்த்தெழுந்தன.
முற்றத்தில் அதுவும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
கதவின்மேல் நண்டு மாதிரி
பக்கவாட்டில் நடந்தது.
ஓரத்தில் கொஞ்சம் யோசித்தது.
பிறகு குதித்து,
என் இடது செருப்பைக் கண்டுபிடித்து
அதன்மேல் ஏறி நின்று
பொறுமையாகத் தின்னத் தொடங்கியது.

ஓடிப்போய் வாளிமேல் சுவிட்சை அணைத்தேன்.
அதற்குப் பிறகும் சுற்றியது, இரண்டு மூச்சு.
குனிந்து பார்த்தால்
பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில்
வாருமில்லை, ரப்பருமில்லை,
ஒரு நல்ல வழவழப்பு.

சாயங்காலம் திருப்பிக் கொடுத்தேன்.
"பிரச்சனை ஒண்ணும் இல்லியே?"
இல்லை என்றேன்.
என் காலைப் பார்த்தார்: ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.
எதுவும் கேட்காமல்
பொத்தானை ஒருதடவை அமுக்கி, விட்டு, காட்டினார்.

இப்போதெல்லாம் கறண்டு போனால்
இருட்டில் தடவித் தடவி
வீட்டின் சுவிட்சுகளையெல்லாம் எண்ணுகிறேன்.
கதவு நன்றாக அடைகிறது,
கொஞ்சம் அதிகமாகவே.
காற்றடித்தால் தானே திறந்துகொள்கிறது.
தேய்ந்துபோன எண்பதாம் நம்பர் தாளை
நாலாய் மடித்து இடுக்கில் செருகியிருக்கிறேன்.