எழுபத்தொன்று புள்ளி நான்கு

எண்ணெய் இல்லையென்று
இருபத்தாறு வருடத்துக்கு முன் மூடிய கிணறு.
புவனகிரிக்கு வடக்கே,
உளுந்து பிடுங்கிய வயலின் நடுவில்
சிமெண்டு மேடை, துருவேறிய மூடி,
மூடிமேல் யாரோ காயவைத்த கருவாடு.
ஒதுக்கி வைத்துவிட்டுத் திறந்தோம்.
வாடையோடு இறங்கியது கம்பி.

நான் திட்ட உதவியாளர், தற்காலிகம்.
சம்பளம் ஆணைப்படி;
ஆணை டெல்லியில்.
இரண்டாம் தவணை வராததால்
வெப்பமானி இரவல், வின்ச் வாடகை,
டீசல் மெய்யழகன் சாரின் சொந்தக் காசு.
பயணத் தலைப்பில் மீந்ததை
டீசலுக்குத் தொடக்கூடாது.
இன்று மார்ச் இருபத்தொன்பது,
இரண்டு நாளில் அது திரும்பிப் போகும்.
கீழே கிடக்கும் சூட்டுக்கு
அப்படியொரு தேதி கிடையாது.

நூறு மீட்டருக்கு ஒருமுறை நிறுத்து.
பத்து நிமிடம் பொறு. எழுது.
முப்பத்துநான்கு புள்ளி ஆறு.
முப்பத்தெட்டு: காய்ச்சல்.
ஐம்பத்துமூன்றில் சாப்பிட உட்கார்ந்தோம்.
மேற்கே, நெய்வேலிப் பக்கம்,
புகை நகராமல் நின்றது.
அங்கே நிலத்தைப் பிளந்து அள்ளுகிறார்கள்.
இங்கே இரண்டு பேர்
அதன் வாயில் கம்பியை விட்டு
எண் வரக் காத்திருந்தோம்.

ஆயிரத்து நூற்றிருபதில் தட்டியது.
எழுபத்தொன்று புள்ளி நான்கு.

விண்ணப்பத்தில் எழுதியது நூற்றுப்பத்து.
அந்த எண்ணைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.
"இதுல பல்பு எரியாது"
என்றார், கிணற்றிடம்.

வரப்பில் நின்றிருந்தார் செண்பகவல்லி.
வயல் அவருடையது,
ரோட்டோரம் நெல் அவிக்கும் மில் அவருடையது,
கருவாடும் அவருடையதுதானாம்.
"எவ்ளோ வந்துச்சு?"
சொன்னேன்.
"எழுவத்தொண்ணா?
நெல்லு ஊறப்போட அதானே வேணும்?
உமி டன்னு என்ன வெல விக்குது, தெரியுமா?"

தெரியாது.
மேலே வருவதற்குள் ஆறிவிடும்,
உப்பு எவ்வளவோ,
குழாய்க்கு யார் பணம் தருவார்?
தடைகளைச் சார்தான் சொன்னார்,
ஆனால் சொல்லும்போதே
என் நோட்டை வாங்கிப்
பின்னட்டையில் பெருக்கிக்கொண்டிருந்தார்.

ராத்திரி கடலூர் லாட்ஜில்
மின்விசிறி நின்று நின்று சுற்ற
படிவம் நிரப்பினேன்.
எதிர்பார்த்த பயன்: மின்சாரம்.
எய்திய பயன்: சின்னக் கட்டம்,
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது.
'நெல்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.
விரலில் இன்னும் கருவாடு மணந்தது.