நடுக் கட்டம்

ஒன்பது சதுரம்.
வெட்டும்போது நாலரை இஞ்ச், தைத்தபின் நாலு.
அந்த அரை இஞ்ச் தையலுக்குள் போய்விடும்.
கண்ணில் படாது;
பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

முத்தியால்பேட்டையில், மாடியேறி வலதுபக்கம்.
மிஷினுக்கு அடியில் ஓர் அரிசிச் சாக்கு,
பதினோரு வருஷத்து வெட்டு அதில்.
பொன் உருக்குகிறவன் கையில் பொடி ஒட்டும் என்பார்கள்.
எனக்கு ஒட்டியது இவ்வளவு:
கைக்குழியில் விழுந்த பிறைகள்,
கழுத்தில் விழுந்த அரைவட்டங்கள்,
கொடுத்தால் யாரும் வாங்காத
கொடுக்காவிட்டால் எல்லோரும் கேட்கிற
கையகலத் துண்டுகள்.

மிஷன் வீதிக் கடைக்காரம்மா சொன்னாள்:
"மாதிரிக்கு ஒரு கட்டம் தைத்துக்கொண்டு வா.
நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேரணும்.
சேர்ந்தால் நாற்பது கட்டத்துக்கு ஆர்டர்."

சாக்கைக் கவிழ்த்தேன்.
வேட்பாளர் தந்த இலவசப் புடவையின் ஜாக்கெட் துணிதான்
குவியலில் பாதி. கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை.
தள்ளி வைத்தேன்.
வத்சலா மேடம் பேங்கில் கடைசி நாளுக்குப் போட்ட மாம்பழ மஞ்சள்,
ரஹமத் வீட்டு நிக்காஹ் ரோஸ்,
கான்வென்ட் சீருடையின் நீலக் கட்டம்.
ஒன்று இழுத்தால் நீள்கிறது, ஒன்று தொட்டால் சுருங்குகிறது,
வேறு வேறு வீட்டுச் சம்பந்திகளை
ஒரே பந்தியில் உட்கார வைத்ததுபோல.
நடுவில் நாவல்பழ நிறம். செலஸ்தீன் அக்காவுடையது,
போன ஈஸ்டருக்குத் தைத்தது.
மிச்சம் கேட்டாள் அன்றைக்கு.
"எல்லாம் கைக்கே சரியாப் போச்சுக்கா" என்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் படியேறி வந்தாள்,
நின்று நின்று.
"இல்லைன்னுதான் சொன்னே. இருந்தாலும் கேட்டுப் பார்ப்போம்னு.
வலது கையை மட்டும் கொஞ்சம் விட்டுத் தரணும்."
"இடது?"
"அது அப்படியே இருக்கட்டும்."

டேப்பைச் சுற்றினேன்.
இடது பதினொன்று. வலது பன்னிரண்டே முக்கால்.
வேறெதுவும் நான் கேட்கவில்லை.
பையில் ஜிப்மர் சீட்டு எட்டிப் பார்த்தது.
பெயின்ட் காயாத கதவுபோல
அந்தக் கையை உடம்பில் படாமல் வைத்திருந்தாள்.
"தேடிப் பார்க்கிறேன். நாளைக்கு வாங்க."

ராத்திரி பிளேடை இரண்டாக ஒடித்துப்
பிரிக்க உட்கார்ந்தேன்.
கடைக்காரம்மாவுக்குப் பயந்து போட்ட பொடித் தையல்,
ஒவ்வொன்றாகத்தான் விட்டுக்கொடுத்தது.
துணி வந்தது. சுற்றிலும் ஊசித் துளை.
நீர் தெளித்துத் தேய்த்தேன்; பாதி மூடியது.
நெடுக்கில் சரிபாதியாக வெட்டினேன், இரண்டேகால் இரண்டேகால்.
ஒரு பாதி கைக்கு அடியில் போனது.

மறுநாள் போட்டுப் பார்த்தாள்.
கை தோளுக்கு மேல் உயரவில்லை.
அது துணியின் குற்றமில்லை.
அக்குளில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்:
"இது எங்கேயோ தைச்சிருந்த துணி. எங்கே?"

நடுவில் ஓட்டையோடு
கட்டத்தை எடுத்து நீட்டினேன்.
முகத்துக்கு நேரே பிடித்து
ஓட்டை வழியாக என்னைப் பார்த்தாள், ரொம்ப நேரம்.
திட்டட்டும் என்று நின்றேன்.
"மிச்சப் பாதியை இங்கேயே வை.
கூட எதையாவது ஒட்டுப் போடு" என்று
சாக்குக்குள் கைவிட்டாள், வலது கையைத்தான்.
வந்தது வேட்பாளரின் கிளிப்பச்சை.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பச்சையை இரண்டே முக்கால் வெட்டினேன்.
அரை இஞ்ச் உள்ளே போகணுமே.

கடைக்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.
"நடுவில் மட்டும் ஏன் இரண்டு?"
"மூலையைப் பாருங்க" என்றேன்.