வட்ட முத்திரை

நவம்பர் பிறந்தால்
எங்கள் ஏற்காடு கிளைக்கு இரண்டு கூட்டம் வரும்.
ஓய்வுபெற்ற வாத்தியார்கள்,
அப்புறம் நாகலூர் ரோட்டு ஜெர்மன்காரர்கள்.
இரு தரப்புக்கும் ஒரே வேலை:
இன்னும் சாகவில்லை என்று எழுதி வாங்குவது.

வாத்தியார்கள் விரலை வைத்துவிட்டு
பஜ்ஜி சாப்பிடப் போய்விடுவார்கள்.
இவர்களுக்கு விரல் போதாது.
அவர்கள் ஊரிலிருந்து தாள் வரும்.
'மேற்படி நபர் இன்று என் முன் நேரில் வந்தார்'
என்பதன் கீழே என் கையெழுத்து, வட்ட முத்திரை.
வட்டம்தான் வேண்டும். சதுரம் குத்தி ஒருமுறை
மூன்று மாதப் பென்ஷன் நின்றுபோனது.

இங்கெபோர்க் என் பெயர்ப்பலகையைப் படித்து
ஃபாடிஃபு என்பார்.
அவர்கள் எழுத்துக்கூட்டில் நம் வ
ஃப ஆகிவிடுமாம்.
ஏழு வருஷமாக நான் ஃபாடிஃபு. திருத்தவில்லை.
நான் மட்டும் என்ன,
இங்கம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.

முன்பு ஒரு தீவில் இருந்தார்களாம்,
வருஷம் முழுக்க வெயில்.
ரொட்டிக்கடைக்காரர் ஜெர்மன், பல் டாக்டர் ஜெர்மன்,
நாய்க்கு முடி வெட்டுகிறவள்கூட
சொந்த ஊருக்கு அடுத்த ஊர்க்காரி.
பத்தொன்பது வருஷத்தில் அந்த மண்ணின் பாஷையில்
'நன்றி', 'பில் கொண்டு வாங்க',
இரண்டுதான் நாக்கில் ஒட்டியது.
சொல்லிவிட்டுச் சிரிப்பார்,
சிரித்து முடித்து ஜன்னலைப் பார்ப்பார்.

இங்கே வந்தபோது பதினோரு பேர்.
வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு சாலட், சீட்டுக்கட்டு.
அந்த ஆட்டத்துக்கு மூன்று பேராவது வேண்டுமாம்.
போன வருஷத்திலிருந்து
கட்டு அலமாரியில் இருக்கிறது.

இந்த முறை தாள் இரண்டு, வந்தவர் ஒருவர்.
"ரைனர் காரில் தூங்குகிறார்."
நேரில் என்றால் நேரில்தான், அம்மா.
சொன்ன குரல் எனக்கே பிடிக்கவில்லை.
போய்ப் பார்த்தால்
கார்க்கதவு திறந்து கிடந்தது.

முத்திரையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
ஆட்டோ பிடித்துத் தேடினோம்.
லேடீஸ் சீட்டில், கம்பியைப் பிடித்தபடி.
கீழே சேலம் இல்லை.
மழை விட்ட மேகம் அடிவாரம் முழுக்க நிரம்பி
தட்டையாக, அசையாமல்.
தூரத்தில் கஞ்சமலையின் முதுகு மட்டும்
வெளியே.

இங்கிலீஷ் அவரை விட்டுப்போய் ஒரு வருஷம்.
கஞ்சமலையைக் காட்டி ஏதோ கேட்டார்.
"கப்பல் எத்தனை மணிக்கு என்கிறார்" என்றார் இங்கம்மா.
சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஐந்து நாற்பது" என்றேன்.
அது என் பஸ்.
வேறு நேரம் வாயில் வரவில்லை.
ரைனர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
திருப்தியாகத் தலையாட்டினார்.

கைப்பிடிச் சுவரில் தாளை வைத்துக் குத்தினேன்.
வட்டம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
யார் முன் யார் நேரில் வந்தது என்று
தாளில் கேட்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.
பாதி வளைவுகள் இறங்கியதும்
வெள்ளை உள்ளே வந்தது,
டிரைவர் விளக்கைப் போட்டார்.
அம்மாபேட்டையில் என் வீடு,
கொடியில் காயாத துணி, கேஸ் சிலிண்டர் சீட்டு
எல்லாம் இதற்கு அடியில்தான்.
பின்சீட்டில் யாரோ
ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள்.
சாத்தினேன்.