தூண்

இந்த ஊருக்குப் பெயர் தூண்.
ஜெர்மனில் அதற்கு என்ன பொருளோ,
தமிழில் எழுதினால் முதுகு சாய்க்கலாம்.
முப்பத்தொரு வருஷம் சாய்ந்தேன்,
ஏரிக்கரை ஹோட்டலின் நிலவறைக் குசினியில்,
கோப்பை கழுவும் மெஷினின் ஆவிக்குள்.
பென்ஷன் வந்த மாசியில்
கைக்கு வேலை போயிற்று.
கை சும்மா இருக்க
தலை வேலைக்குப் போகத் தொடங்கியது,
இரவு வேலைக்கு.

டாக்டர் கடிதம் தந்து அனுப்பினார்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால், மூன்றாம் மாடி.
சனத்துக்கு முழங்கால் வருத்தம் என்று
மனுசி சொல்லி வைத்திருக்கிறாள்.
தெரிந்த முகம் எதிர்ப்பட்டால்
கொஞ்சம் நொண்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு என் வயதில் பாதி.
மேசையில் டிஷ்யூப் பெட்டி.
அதை என் பக்கமாய்த் தள்ளி வைத்திருந்தது
எனக்குப் பிடிக்கவில்லை.
மொழிபெயர்க்க மகன் அகீபன்,
அரைநாள் லீவில்,
கழுத்தில் கம்பனி அட்டையைக் கழற்ற மறந்து.

இரவில் என்ன நடக்கிறது என்று கேட்டாள்.
"கதவுப் பூட்டைப் பார்க்க எழும்புவேன்" என்றேன்.
நாலே சொல்.

அவன் 'இஹ்' என்று தொடங்கினான்.
நான் என்று அர்த்தம்.
அந்த 'நான்' நான்தானாம், மொழிபெயர்ப்பின் ஒழுங்கு அப்படி.
என் நாலு சொல்லையும் சொல்லி முடித்தான்.
மூச்சு வாங்கினான்.
பிறகும் நிற்கவில்லை.
இஹ், இஹ், இஹ் என்று
படியில் உருண்ட சட்டி போல.

எனக்குத் தெரிந்தது குசினி ஜெர்மன்:
சூடு, கவனம், கெதியா, நாளைக்கும் வா.
அதை வைத்துப் பொறுக்கினேன்.
கட்டில்.
கதவு.
ஏழு தரம்.
எட்டு வயது.

ஏழு தரம்தான் நான் எழும்புவது.
ஒருவருக்கும் சொன்னதில்லை.
வெறுங்காலோடு, லைட் போடாமல்,
பூட்டை விரலால் தடவிவிட்டு வருவேன்,
பிள்ளை முழிக்கக் கூடாதென்று.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
அடுத்த கேள்வியை என்னிடம் கேட்கவில்லை.
அகீபன் ஜன்னலில் மலையைப் பார்த்தான்,
மலை அன்றைக்கு முகிலுக்குள்.
பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினேன்.
அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை பேர்ணிலிருந்து வேறொருவர் வந்து மொழிபெயர்ப்பாராம்.
அகீபனுக்கு வேறொரு நாள், வேறொரு அறை.
பஸ்ஸில் இருவரும் பேசவில்லை.
இறங்கும்போது
"முழங்கால் எப்படி?" என்றார் ஒரு தெரிந்தவர்.
"இது முழங்கால் இல்லை" என்றேன்.
மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை.
மகன்தான் மழையைப் பற்றிப் பேசி என்னைக் காப்பாற்றினான்.

இன்றிரவு அவன் இங்கேயே படுத்திருக்கிறான், பழைய அறையில்.
நான் எழும்பினேன். பூட்டைத் தொட்டேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.
எண்ணுகிறான்.

"ரெண்டு" என்றேன், சத்தமாக.
வந்து படுத்துக்கொண்டேன்.
மூன்றாவதுக்குக் கால் துடிக்கிறது.