குருவாசான்

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மூன்றாவது கடை.
பலகையில் தமிழும் இருக்க வேண்டுமென்று
நகராட்சியிலிருந்து தாள் வந்ததாம்.
மதாம் ரெஜீன் சவரிராயன்
பிரெஞ்சில் எழுதிய சீட்டை நீட்டி
"இதைத் தமிழில் அடி" என்றார்.

நான் எம்.ஏ. தமிழ், இரண்டாம் வகுப்பு.
பிழைப்பு ஃப்ளெக்ஸ்.

குரோசண்ட் என்றேன், முகம் சுளித்தார்.
க்ருவாஸான் என்று எழுதிப் பார்த்தேன்.
மெய் மொழிக்கு முதலில் வராதென்று
உள்ளே ஒரு பழைய தேர்வுத்தாள் கத்தியது.
ஓர் உகரம் சேர்த்தேன், கிரந்தத்தை எடுத்தேன்.
குருவாசான்.
ஆறடிக்கு இரண்டடி, மஞ்சள் பின்னணி.

மாட்டிய மறுநாள்
கோரிமேட்டிலிருந்து ஒருவர்
பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து
"கணக்கும் சொல்லித் தருவீங்களா?"
என்று கேட்டிருக்கிறார்.
குரு ஒருவர், ஆசான் ஒருவர்,
இரண்டு வாத்தியாரையும் வெண்ணெய் தடவி மடித்து
எண்பது ரூபாய்க்கு விற்கிறோம் என்பது
அப்போதுதான் எனக்கே உறைத்தது.

மதாம் சிரிக்கவில்லை.
"அதற்குப் பிறை என்று பொருள்.
அதற்கும் முன்னால், வளர்கிற என்று பொருள்.
வளர்ந்துகொண்டிருக்கிற எதற்கும் சொல்லலாம்,
பிள்ளைக்கு, கடனுக்கு, நிலாவுக்கு.
நிலாவோடு ஒட்டிக்கொண்டது.
அப்புறம் ரொட்டிக்கு இறங்கியது."

வளர்.
வளர்பிறை.
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, நம்பினால் நம்புங்கள்.
வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை,
மூன்று காலத்தையும் ஒரே மடிப்பில் ஒளித்த வினைத்தொகை.
வகுப்பில் எங்களுக்குத் தந்த உதாரணம் ஊறுகாய்.
பதினேழு வருடம் கழித்து
பக்கத்துத் தட்டில் இது.
ஆனால் நாம் ஊறுகாயில் காயை விட்டுவைத்தோம்.
அவர்கள் பிறையைத் தின்றுவிட்டு
வளர் என்பதை மட்டும்
மேசையில் வைத்திருக்கிறார்கள்.

கதை ஒன்றும் உண்டு.
வியன்னாவைத் துருக்கிப் படை வளைத்தபோது
சுரங்கம் தோண்டும் சத்தம்
இரவில் மாவு பிசைந்தவர்கள் காதில் விழுந்ததாம்.
படை ஓடியதும் அதன் கொடிப்பிறையைச்
சுட்டுத் தின்றார்களாம்.
பின்னால் வந்தவர்கள் பிசைந்த கதை, என்கிறார் மதாம்.
வளைந்த ரொட்டி அங்கே முன்பே உண்டு,
கிப்ஃபெல் என்று பெயர்.
பாரீசுக்குப் போன பிறகுதான்
அதற்கு இத்தனை மடிப்பும் இத்தனை வெண்ணெயும்.

கதையைக் கவுஸ் மைதீனிடம் சொன்னேன்.
முல்லா வீதிக்காரர், இங்கே சுடுவது அவர்தான்.
அன்று மாலை மொட்டை மாடியில் நின்று
மேற்கே பிறை தேடி
மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தார்.
"நோன்புல பிறையத் தின்னா நோன்பு முறியும்.
வேற என்ன ஆகும்?"
என்று அடுத்த தட்டை இழுத்தார்.
"தவிர, இது எங்க பிறை மாதிரி இருக்கு?
நண்டு மாதிரி இருக்கு."

கடல் காற்றில் பலகையின் ஒரு மூலை கிழிந்தது.
கடை திறக்குமுன் மாற்ற வேண்டும்,
விடிகாலை மூன்றரைக்குப் போனேன்.
உள்ளே தட்டுகளில்
வெளுத்து, ஈரமாக, வரிசையாக.
"தொடாத" என்றார். தொட்டேன்.
விரல் போட்ட குழி
யோசித்து யோசித்து மேலே வந்தது.

"ரெண்டு மணி நேரம் இப்படியே எழும்பும்."

பெயர் பொருந்துவது
அந்த இரண்டு மணி நேரம் மட்டும்தான்.
அடுப்பில் கடைசியாக ஒருமுறை எம்பும்,
பிறகு நின்றுவிடும்.
ஏழு மணிக்குக் கண்ணாடிக்குப் பின்னால் வருவது
வளர்ந்தது. இறந்தகாலம்.
காசு கொடுப்பவர் யாரும் குருவாசானைக் கண்டதில்லை.
கவுஸ் மைதீன் தினமும் காண்கிறார்,
பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே,
கரண்ட் போனால் வெண்ணெய் உருகுமே என்று
விளக்கை ஒரு கண்ணால் பார்த்தபடி.

கீழே சின்ன எழுத்தில்
வளர்பிறை என்று சேர்க்கட்டுமா, கேட்டேன்.
"எழுத்துக்கு எவ்வளவு?" என்றார் மதாம்.
சேர்க்கவில்லை.

இரண்டு பலகைக்கும் இன்னும் பணம் வரவில்லை.
என் நோட்டில் இப்படி இருக்கிறது:
மதாம் ரெஜீன், ஆறுக்கு இரண்டு, இரண்டு தடவை,
வளர்கடன்.