வஃப்ரா, வெள்ளிக்கிழமை

நாடு திரும்பியவர்கள்
கேட்டில் கட்டிப்போட்டுப் போயிருந்தார்கள்.
சட்டியில் மணல்.
பார்டர் காலி, ஆடு மேய்க்கிற சாதி என்றாள் ஜெசிந்தா.
எங்களில் யாருக்கும் ஆடு இல்லை.

கயிற்றை அறுத்தோம்.
பிக்கப்பில் ஏற மாட்டேனென்றது;
கோழித்துண்டுக்கும் மசியவில்லை.
அலுத்துப்போய் ஆளுக்கொரு பக்கம் நாங்கள் சிதறியதும்
வயிறு மண்ணில் உரச வந்தது.
சிகரெட்டோடு நின்ற லாசரைக் குதிகாலில் முட்டி,
போனில் பெண்டாட்டியிடம் மன்றாடிக்கொண்டிருந்த
மக்தூமை வளைத்து,
நாலு பேரையும் பட்டியடைப்பதுபோல்
வண்டிக்கு ஓட்டிவந்து
கடைசியாகத் தானும் ஏறியது.

அப்தலியில் ஒரு பண்ணை, நாற்பது செம்மறிகள்.
பாகிஸ்தான்காரர் பெயர் கேட்கவில்லை,
பல்லைப் பார்த்தார், போதும் என்றார்.

புறப்பட்டோம்.
எந்த நாயும் வண்டியைப் பின்னால்தான் துரத்தும்.
இது வேலி தாண்டி
முன்னால் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டு
எங்களைத் திருப்பப் பார்த்தது.