பக்கத்துக்கு அறுபது திர்ஹாம்

ரோலா சதுக்கத்துக்குப் பின்னால்
பாஸ்போர்ட் போட்டோ கடைக்கு மாடியில்
என் மேசை, என் முத்திரை.
தமிழிலிருந்து அரபிக்கு
பக்கத்துக்கு அறுபது திர்ஹாம்.
அவசரமென்றால் எண்பது.

பஞ்சவர்ணத்தின் கோப்பில் இரண்டே வரி.
அதற்கும் ஒரு பக்கக் கணக்குத்தான்.

பொன்வயல் நகர், இரண்டாம் கட்டம்.
மனை மானாமதுரைக்குத் தெற்கே.
விற்ற கம்பெனி சிங்கப்பூரில் பதிவு.
பேசி முடித்த ஆள் இங்கே, அல் நஹ்தாவில்.
விளம்பரம் தங்கியிருக்கும் கணினி
அயர்லாந்தில் எங்கோ குளிரில் இருக்கிறதாம்.
வாங்கியவள் அஜ்மானில்
அபாயாவுக்குக் கை தைக்கிறவள்.
அதே மனையை இன்னும் நாலு பேர் வாங்கியிருந்தார்கள்:
ஒருவர் சலாலாவில், இருவர் தோஹாவில்,
ஒருவர் செத்தே போய்விட்டார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டாள்.
முப்பத்தொன்றாம் பிரிவைக் காட்டினார்கள்:
தகராறு எதுவானாலும்
சிங்கப்பூரில், ஆங்கிலத்தில், மூன்று நடுவர் முன்னால்.
இரவு பதினொன்றரைக்கு
மேல்கட்டிலில் படுத்தபடி
'சம்மதம்' என்ற கட்டத்தை
அவள் கட்டைவிரல் தொட்டது உண்மை.
கைநாட்டு ஒழிந்துவிட்டதென்று
யார் சொன்னது?

அதற்குப் பிறகுதான் விளம்பரத்தின் கீழே எழுதினாள்:
"என் வயித்தெரிச்சல் உன்னைச் சும்மா விடாது.
நீ மண்ணாத்தான் போவே."

பணத்துக்கு இந்த ஊரில் வழக்கில்லை என்ற அதே ஆள்
இந்த இரண்டு வரிக்கு
இந்த ஊரிலேயே புகார் கொடுத்தார்.
மனம் புண்பட்டது ஷார்ஜாவில் என்று
தேதி, நேரம், திரைப்படம் பிடித்த தாள்களுடன்.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம் கடல் தாண்டிப் போய்விட்டது.
ஏச்சு மட்டும்
உள்ளூர்க்காரி.

முதல் வரியிலேயே சிக்கினேன்.
விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டு
'இந்தப் பெண்ணுக்கு வயிற்றில் என்ன நோய்?' என்றார்.
நோயில்லை ஐயா,
கேட்க நாதியில்லாதபோது
எங்கள் ஆட்களுக்கு முதலில் எரிகிற இடம் அது என்றேன்.
அடிக்குறிப்பாக எழுதச் சொன்னார்.

இரண்டாவது வரிக்கு
'கொலை மிரட்டல்' என்று
எதிர்த்தரப்பு வக்கீல் பென்சிலில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.
நான் துராப் என்று போட்டேன்.
மண். உள்ளது உள்ளபடி.
நீ மண்ணாவாய்.
அதிகாரி இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
'இதில் குற்றம் என்ன? எல்லோரும்தானே.'

சத்தியம் செய்து முத்திரை வாங்கியவன் நான்.
சொல்லியிருக்க வேண்டும்:
இதைச் சொல்கிறவள் குனிந்து
ஒரு பிடி அள்ளி
எதிராளி வீட்டுப் பக்கம் திரும்பித் தூற்றுவாள்,
வாயைவிடக் கை சொல்வது அதிகம் என்று.
அந்த அடிக்குறிப்பை எழுதவில்லை.
அதற்காக எண்பது கேட்கவும் இல்லை.

புகார் மூடப்பட்ட மறுநாள் வந்தாள்.
ஐந்தும் பத்துமாய் அறுபதை எண்ணி வைத்தாள்.
'பணத்துக்கு எந்த ஊர்ல போய்க் கேக்கணும் சார்?'
சிங்கப்பூர் என்றேன்.
'அங்க கேக்க எவ்வளவு ஆகும்?'
நான் ஸ்டேப்ளரைத் தேடுவதுபோல் தேடினேன்.

கைப்பையிலிருந்து மனைப்படத்தை எடுத்து விரித்தாள்.
எண் நூற்றிப் பதினேழு.
வடகிழக்கு மூலையில்
'போர்' என்று நீல மையில் ஒரு வட்டம்.
வாசலுக்கு ஒரு கோடு.
ஒரு வேப்பங்கன்றுக்குப் புள்ளி.
மடிப்பு கிழியாமல் மறுபடி மடித்தாள்.

கிளம்பும்போது ஜன்னல் விளிம்பில்
மூன்று நாள் புழுதிக்காற்று விட்டுப்போனதை
உள்ளங்கையால் வழித்தெடுத்தாள்.
ஒரு பிடிகூடத் தேறவில்லை.
கை மூடியபடி,
எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றாள்.